நாகர்கோவிலிலிருந்து ஒலிம்பிக் தகுதிச் சுற்று வரை: குத்துச்சண்டை பயிலும் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்து வருகிறேன். 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் நடைபெற இருக்கும் நிலையில், குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தோவாளையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். தகுதிச் சுற்றில் தோற்றவர்களைவிட, அங்கே போய்ச் சேரவே வழி தெரியாமல் பாதியில் நின்றுபோனவர்களைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் குத்தைப் பற்றிப் பேசுவதைவிட வழியைப் பற்றி இங்கே அதிகமாகப் பேசுகிறேன்.

ஒலிம்பிக் தகுதிச் சுற்று என்பது மற்றப் போட்டிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மற்றப் போட்டிகளில் எல்லாருடைய கண்ணும் இறுதி ஆட்டத்தின் மேல் இருக்கும். தகுதிச் சுற்றில் கண் வேறோர் ஆட்டத்தின் மேல் இருக்கும். ஓர் எடைப் பிரிவில் நான்கு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தால், காலிறுதியில் வென்று அரையிறுதிக்குள் நுழையும் நான்கு பேருக்கும் ஒலிம்பிக் இடம் உறுதியாகிவிடும். அவர்களைப் பொறுத்தவரை அந்தக் காலிறுதிதான் உண்மையான இறுதி ஆட்டம். மூன்று இடங்களே இருந்தால், அரையிறுதியில் தோற்ற இருவரும் மூன்றாவது இடத்துக்காகத் தங்களுக்குள் ஒருமுறை மோத வேண்டும். 2024இல் பாங்காக்கில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றில், ஆண்கள் 57 கிலோ பிரிவில் இந்தியாவின் சச்சின் சிவாச் இப்படிப்பட்ட ஆட்டம் வரை சென்று, கிர்கிஸ்தான் வீரரிடம் தோற்று, ஒரே ஓர் ஆட்டத்தில் பாரிஸ் வாய்ப்பை இழந்தார்.

எனவே தகுதிச் சுற்றுக்குப் போகும் ஒருவர், தம்முடைய பிரிவில் எத்தனை இடங்கள் உள்ளன, எத்தனையாவது ஆட்டத்தில் அந்த இடம் முடிவாகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த ஆட்டத்துக்கு உடம்பையும் மனத்தையும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து ஓர் எடைப் பிரிவுக்கு ஒருவர் மட்டுமே ஒலிம்பிக்கில் ஆட முடியும் என்பதையும் இதனோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியர்கள் எந்த வழியில் தகுதி பெற்றார்கள்?

மூன்று கதவுகள் இருந்தன. முதல் கதவு, 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே ஆண்கள் இறுதி ஆட்டத்துக்குச் செல்ல வேண்டும். பெண்களுக்கு 50, 54, 57, 60 கிலோ பிரிவுகளில் அரையிறுதியும், 66, 75 கிலோ பிரிவுகளில் இறுதி ஆட்டமும் தேவைப்பட்டன. நிகத் சரீன், பிரீத்தி பவார், பர்வீன் ஹூடா, லவ்லினா போர்கோஹெய்ன் ஆகிய நால்வர் அந்தக் கதவைத் திறந்தார்கள். ஆண்களில் ஒருவருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது கதவு, 2024 பிப்ரவரி இறுதியில் இத்தாலியின் புஸ்தோ ஆர்சிசியோ நகரில் தொடங்கிய உலகத் தகுதிச் சுற்று. அங்கிருந்து இந்திய அணி ஓர் இடம்கூட இல்லாமல் திரும்பியது. மூன்றாவதும் கடைசியுமான கதவு அதே ஆண்டு மே மாத இறுதியில் பாங்காக்கில் திறந்தது. அங்கே 71 கிலோவில் நிஷாந்த் தேவ், 51 கிலோவில் அமித் பங்கால், பெண்கள் 57 கிலோவில் ஜாஸ்மின் லம்போரியா ஆகியோர் இடம் பெற்றார்கள்.

ஹாங்சோவிலேயே பர்வீன் பெற்ற 57 கிலோ இடத்துக்கு, பாங்காக்கில் ஜாஸ்மின் ஏன் மறுபடியும் ஆட வேண்டியிருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் கீழே ஊக்கமருந்து பற்றிய கேள்வியில் இருக்கிறது. பெற்றோர் அதைத் தவறாமல் படிக்க வேண்டும்.

குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் தொடருமா? நீக்கிவிடுவார்கள் என்று சொன்னார்களே?

அந்த அச்சம் சில ஆண்டுகள் உண்மையாகவே இருந்தது. பழைய உலக அமைப்புக்கு அளித்திருந்த அங்கீகாரத்தைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2023 ஜூன் மாதத்தில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ‘வேர்ல்டு பாக்ஸிங்’ என்னும் புதிய அமைப்புக்கு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த மாதமே குத்துச்சண்டை லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இப்போது அந்தக் கவலை வேண்டாம்.

2028 ஒலிம்பிக்கில் என்னென்ன எடைப் பிரிவுகள் உள்ளன? என் பிள்ளைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆண்களுக்கு 55, 60, 65, 70, 80, 90, 90க்கு மேல் என்று ஏழு பிரிவுகள். பெண்களுக்கு 51, 54, 57, 60, 65, 70, 75 என்று ஏழு பிரிவுகள். பாரிஸில் பெண்களுக்கு ஆறு பிரிவுகளே இருந்தன. ஒன்று கூடியிருப்பது நம் பெண்பிள்ளைகளுக்கு நல்ல செய்தி.

உலகப் போட்டியில் இருக்கும் எல்லாப் பிரிவும் ஒலிம்பிக்கில் இருப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உலகப் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பத்துப் பத்துப் பிரிவுகள் உண்டு. 2025 செப்டம்பரில் லிவர்பூல் நகரில் நடந்த உலகப் போட்டியில் மீனாட்சி ஹூடா 48 கிலோவில் தங்கம் வென்றார். 48 கிலோ ஒலிம்பிக் பிரிவு அன்று. அதே போட்டியில் 57 கிலோவில் தங்கம் வென்ற ஜாஸ்மினின் பிரிவு ஒலிம்பிக்கில் இருக்கிறது. உலகத் தங்கம் வாங்கியவர்கூட ஒலிம்பிக்குக்காக எடை மாற வேண்டியிருக்கும் என்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு தூரம் யோசிக்க வேண்டும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வளரும் பிள்ளையை இன்றைய எடையிலேயே கட்டிப்போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்பாவின் உயரம், மாமாக்களின் உயரம், கடந்த ஓராண்டில் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்பதையெல்லாம் பார்த்து, 19 வயதில் அந்த உடம்பு இயல்பாக எங்கே நிற்கும் என்று கணக்கிட வேண்டும். ஜெயிப்பது எளிது என்பதற்காகக் கீழ்ப் பிரிவில் பட்டினி போட்டு ஆடவைத்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் விளையாட்டையே வெறுத்து விலகியதை நான் பார்த்திருக்கிறேன்.

எடை பார்ப்பது எப்படி நடக்கும்? கொஞ்சம் கூடினால் விட்டுவிடுவார்களா?

விடமாட்டார்கள். 2024 ஆகஸ்டில், மல்யுத்த இறுதி ஆட்டத்தன்று காலையில், 50 கிலோவுக்கு 100 கிராம் கூடியிருந்ததால் வினேஷ் போகாட் நீக்கப்பட்டதை நாடே பார்த்தது. அது மல்யுத்தம் என்றாலும், எடைத் தட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். குத்துச்சண்டையில் போட்டி தொடங்கும் முன்பு மட்டுமல்லாமல், ஆட்டம் இருக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் எடை பார்க்கப்படும். முதல் நாள் எப்படியோ வற்றவைத்து நின்றுவிட்டு, மாலையில் வயிறு நிறையச் சாப்பிட்டவர், மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் அதே தட்டில் ஏறியாக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. வடநாட்டில் தேசியப் போட்டி என்றால், திருக்குறள் எக்ஸ்பிரசில் ஏறி தில்லியின் நிஜாமுதீன் நிலையம் போய்ச் சேர இரண்டு இரவுகள் ஆகும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் உடம்பு வியர்ப்பதில்லை. பிளாட்பாரத்தில் கிடைப்பதெல்லாம் எண்ணெய்ப் பண்டம். கடலோரக் கிராமத்திலிருந்து என்னோடு வந்த ஒரு பையன், நாகர்கோவில் சந்திப்பில் வண்டி ஏறும்போது சரியான எடையில் இருந்தான். இறங்கிப் பார்த்தபோது 700 கிராம் கூடியிருந்தது. இரவெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு விடுதியின் மாடிப்படியில் ஏறி இறங்கினான். விடியற்காலையில் ஒரு பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். எடை சரியாக வந்தது. முதல் சுற்றில் நன்றாக ஆடினான். இரண்டாவது சுற்றில் அவன் கை தோளுக்கு மேல் எழவில்லை. தோற்று இறங்கியபோது அவன் உதட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அந்தத் தோல்விக்கு நான்தான் பொறுப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் நடைமுறையைச் சொல்கிறேன். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எடை, பிரிவின் அளவைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. கடைசி வாரத்தில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் கிடையாது. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நம் வீட்டுச் சாப்பாடு, அதை நான் தடுப்பதில்லை. அளவைத்தான் குறைக்கச் சொல்வேன். ரயிலுக்கு அவித்த பயறு, அவித்த முட்டை, மட்டிப்பழம் கொடுத்துவிட வேண்டும். எடை பார்த்து முடித்ததும் முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கஞ்சி சாப்பிட்டு, அதன் பிறகுதான் மற்றவை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே ஆட்டம் தளர்ந்துவிடும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது அதைவிட ஆபத்தானது.

தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினால் தகுதிச் சுற்றுக்கு நேராக அனுப்புவார்களா?

இல்லை. மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று ஏறி, அங்கே பதக்கம் வாங்குபவர்கள்தான் தேசிய முகாமுக்கு அழைக்கப்படுவார்கள். முகாமில் இருப்பவர்களிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரை இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு தேர்ந்தெடுக்கும்.

அந்தத் தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றிக் கடுமையான வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன. 2019இல், ஆறு முறை உலக வாகையரான மேரி கோமை நேரடியாகத் தகுதிச் சுற்றுக்கு அனுப்பக் கூடாது, தனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று நிகத் சரீன் வெளிப்படையாகக் கேட்டார். டிசம்பர் 28 அன்று தேர்வு ஆட்டம் நடந்தது. மேரி கோம் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அன்று தோற்ற நிகத், 2022இலும் 2023இலும் உலக வாகையரானார். 2023 வாக்கில் ஒரே ஆட்டத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், முகாமில் பல வாரங்கள் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூட்டமைப்பு கொண்டுவந்தது. அதை எதிர்த்து அமித் பங்கால் உள்ளிட்ட சிலர் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நேருக்கு நேர் நடக்கும் தேர்வு ஆட்டமே நியாயமானது. தோற்றவனுக்கும் தான் எதனால் தோற்றோம் என்று தெரியும். ஆனால் எந்த முறை நடைமுறையில் இருந்தாலும் அதற்கு ஏற்றவாறு பிள்ளையைத் தயார்செய்வதுதான் பயிற்சியாளரின் வேலை. மதிப்பீட்டு முறை என்றால் முகாமில் ஒருநாள்கூட எடை கூடக் கூடாது, உடற்திறன் சோதனையில் பின்தங்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிப் பழக்க வேண்டும்.

அடிமுறையும் சிலம்பமும் கற்ற பிள்ளைகளுக்கு இது எளிதாக இருக்குமா?

அடிமுறை என்பது நம் பக்கத்துப் பழைய தற்காப்புக் கலை என்பதால், இந்தக் கேள்வியை நம் மாவட்டத்தில் மட்டும்தான் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆசான்மாரிடம் களரியில் சுவடு (காலடி வைக்கும் முறை) பழகிய பிள்ளைகள் என்னிடம் வரும்போது முதல் நாளே அடையாளம் தெரிந்துவிடும். பாதம் தரையைத் தேடுவதில்லை. இடுப்பு தானாகத் திரும்பும். எதிரில் நிற்பவரின் கையைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இதைக் கொண்டுவர ஓராண்டு ஆகும். சிலம்பம் சுற்றியவர்களுக்குத் தூரத்தை அளக்கும் கண் நன்றாக இருக்கும்.

ஆனால் மறக்க வேண்டியவையும் உண்டு. அடிமுறையில் உடம்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி நிற்பது பெரும்பலம். குத்துச்சண்டையில் அவ்வளவு தாழ்ந்து நின்றால் முன்னும் பின்னும் துள்ளி நகர முடியாது. திறந்த கையால் தட்டுவதும், எதிராளியின் கையைப் பற்றுவதும் இங்கே குற்றம். நடுவர் எச்சரித்துப் புள்ளியைக் குறைப்பார். இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. முதுகிலும் பிடரியிலும் அடிக்கக் கூடாது. கையுறையின் முன்பகுதி, அதாவது மூடிய முஷ்டியின் கணுப்பகுதி பட்டால்தான் அது அடியாகக் கணக்கில் வரும். வர்ம இடம் பார்த்து அடித்தால் ஜெயிக்கலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் அக்கறையோடு கேட்டார். கையுறை போட்ட கையால் அந்த நுட்பம் வராது என்று சொன்னேன். ஆனால் விலா எலும்பின் ஓரத்தில் கல்லீரல் இருக்கும் இடத்தில் விழும் ஓர் இடது ஹூக் (கையை வளைத்து அடிக்கும் குத்து), நல்ல வீரரையும் மண்டியிட வைக்கும் என்றதும், அவர் அந்த இடத்தைத் தன் விரலால் தொட்டுக் காட்டினார். சரியாகத்தான் காட்டினார்.

புள்ளிகளை எப்படிப் போடுகிறார்கள்?

மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதே கணக்கு. மேடையைச் சுற்றி ஐந்து புள்ளி நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவர் என்று தாம் கருதுபவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்கு 9 அல்லது அதற்குக் குறைவாகவும் ஒவ்வொருவரும் தருவார்கள். முடிவில் 5-0, 4-1, 3-2 என்று அறிவிக்கப்படுவது நடுவர்களின் எண்ணிக்கையே. வாங்கிய அடிகளின் எண்ணிக்கை அன்று. 5-0 என்று தோற்றதைக் கேட்டதும் ‘ஓர் அடிகூட அடிக்கவில்லையா’ என்று வீட்டில் கேட்டு, பிள்ளையை நோகடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று சுற்றும் மயிரிழையில் போன ஆட்டம்கூட 5-0 என்று வரலாம்.

வயது வரம்பு என்ன? என்னென்ன சான்றிதழ்கள் தேவை?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 19 முதல் 40 வயது வரை அனுமதிக்கப்பட்டது. பிறந்த ஆண்டை வைத்தே வயது கணக்கிடப்பட்டது. அதே கணக்கில் பார்த்தால், 2009இல் பிறந்த பிள்ளைக்கு 2028இல் 19 வயது. பதினைந்து, பதினாறு வயதினரும் பதினேழு, பதினெட்டு வயதினரும் தனித்தனிப் பிரிவுகளில் ஆடுவார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அது தலைப்பெழுத்து. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பள்ளிச் சான்றிதழில் முன்னால் தலைப்பெழுத்து, ஆதாரில் பின்னால் தந்தையின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் எதையோ எழுதியிருப்பார்கள். நான் அழைத்துச் சென்ற ஒரு பையனை வெளிமாநிலத்தில் ஒரு போட்டியின் பதிவு மேசையில், நான்கு தாளில் நான்கு பெயர் இருக்கிறதென்று நிறுத்திவிட்டார்கள். கையுறைக்குள் சுற்றும் பேண்டேஜ் துணியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு அவன் நின்றுகொண்டிருந்தான். நான் தொலைபேசியில் ஊரில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை அவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தான்.

பிள்ளையை முதல் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதற்கு முன்பே, எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்துக்கூட்டல், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கும்படி திருத்திவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பதினைந்து வயதிலேயே எடுத்துவிடலாம். அழைப்பு வந்த பிறகு அலைந்தால் காலம் போதாது.

ஊக்கமருந்து பற்றிச் சிற்றூர்ப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஊக்கமருந்து என்றாலே ஊசி, தசை என்று நினைக்கிறார்கள். எடை குறைக்க விழுங்கும் ‘நீர் மாத்திரை’யும் எந்தக் காலத்திலும் தடைசெய்யப்பட்ட பொருளே. சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மருந்துகள் சிலவற்றிலும், பெயர் தெரியாத புரோட்டீன் பொடிகளிலும், கலவை இன்னதென்று எழுதாத லேகியங்களிலும் தடைசெய்யப்பட்டவை இருக்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். உடம்பில் இருந்தால் அதற்கு வீரரே பொறுப்பு. ஆஸ்துமா போன்ற நோய்க்கு உண்மையாகவே மருந்து தேவை என்றால், மருத்துவச் சான்றுடன் முன்அனுமதி பெற வழி இருக்கிறது.

இனி பர்வீன் ஹூடாவின் செய்தி. மேல்நிலை வீரர்கள், முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்கு வருபவர்களுக்காக, ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எந்த இடத்தில் இருப்போம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவைக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை அந்தப் பதிவு தவறினாலோ, சொன்ன இடத்தில் இல்லாவிட்டாலோ, எந்த மருந்தும் உட்கொள்ளாவிட்டாலும் அது விதிமீறல். பர்வீன் அப்படித்தான் தடைசெய்யப்பட்டார். அவரோடு இந்தியாவின் 57 கிலோ இடமும் போய்விட்டது. அதைத்தான் பாங்காக்கில் ஜாஸ்மின் மீட்டுக்கொண்டுவந்தார். ஹாங்சோ மேடையில் வென்ற இடம், பதிவு செய்யத் தவறியதால் கைநழுவிப் போனது. அதனால்தான் என்னிடம் பயிலும் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும், நாளை காலை எங்கே இருப்பாய் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். பழகிவிட்டால் அது பல் துலக்குவது போல ஆகிவிடும்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறோம். முகத்தில் அடிபட்டால் என்ன செய்வது?

இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமல் ஆடினார்கள். பெண்கள் தலைக்கவசத்தோடு ஆடினார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்வை முழுமையாகத் தடுக்காது. எனவே அதை நம்பி மட்டும் பிள்ளையை விடக் கூடாது. தலையில் பலமாக அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டால், குறைந்தது ஒரு மாதம் ஸ்பாரிங் (பயிற்சிக்காக இருவர் மோதும் ஆட்டம்) உட்பட எதுவும் கூடாது என்பதே வழக்கமான மருத்துவ ஓய்வு. வாந்தி, தலைவலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எண்ணெய் தேய்த்து உழிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

மற்றபடி, இந்தியாவுக்கு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கிடைத்த மூன்று வெண்கலங்களில் இரண்டு பெண்களுடையவை: 2012இல் மேரி கோம், டோக்கியோவில் லவ்லினா. மற்றொன்று 2008இல் விஜேந்தர் சிங்குடையது. தகுதிச் சுற்று வரை செல்லும் பெண்களுக்குப் புதிதாக ஒரு நடைமுறையும் வந்திருக்கிறது: 2025 லிவர்பூல் போட்டியிலிருந்து பெண்கள் பிரிவில் ஆடுபவர்களுக்குப் பாலினத்தை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இதைப் பயிற்சியாளரோ தாயோ பிள்ளைக்கு முன்கூட்டியே பொறுமையாக விளக்கிவிட வேண்டும்.

செலவுக்கு என்ன வழி? வேலை கிடைக்குமா?

தொடக்கத்தில் கையுறை, பேண்டேஜ், பல்காப்பு, ஷூ ஆகியவை போதும். பல்காப்பையும் பேண்டேஜையும் மட்டும் பிறரோடு பகிரக் கூடாது. மாநில அளவில் பதக்கம் வரத் தொடங்கிய பின் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஊக்கத்தொகைத் திட்டங்களுக்கும், 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையின் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது.

ராணுவத்தையும் ரயில்வேயையும் மறந்துவிடாதீர்கள். தேசியப் போட்டியில் இவை தனித்தனி அணிகளாக ஆடுகின்றன. ஆண்கள் பிரிவில் ராணுவ அணியின் பலம் மிகப் பெரியது. அமித் பங்கால் ராணுவத்தில் இருப்பவர்தான். நம் பக்கத்துப் பையன்கள் பட்டாளத்தில் சேர விரும்புவது புதிதன்று. பதினாறு, பதினேழு வயதில் பதக்கத்தோடு செல்பவனுக்கு அங்கே சாப்பாடும் பயிற்சியும் மேடையும் ஒருசேரக் கிடைக்கும்.

தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போனால் ஒலிம்பிக் கதவு மூடிவிடுமா?

2016 முதல் தொழில்முறை வீரர்களும் ஒலிம்பிக்கில் ஆடலாம் என்றாகிவிட்டது. நிஷாந்த் தேவ் பாரிஸுக்குப் பிறகு 2025இல் தொழில்முறைக்குச் சென்றார். ஆனால் இருபது வயதுக்கு முன் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பேன்.

இவ்வளவு தெற்கில் இருந்துகொண்டு அங்கே போக முடியுமா?

ஹரியாணாவின் பிவானியில் ஒரு தெருவுக்கு ஒரு குத்துச்சண்டை வீரர் இருக்கிறார் என்று சொல்லும் அளவுக்கு ஆட்டம் வேரூன்றியிருக்கிறது; விஜேந்தரும் ஜாஸ்மினும் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளே. வடசென்னையில் தலைமுறை தலைமுறையாகப் பரம்பரைகள் மோதிய வரலாறு இருக்கிறது. நமக்கு அப்படியொரு மண் இல்லை. ஆனால் நிகத் சரீன் வந்தது தெலங்கானாவின் நிஜாமாபாத்திலிருந்து. லவ்லினா வந்தது அசாமின் கோலாகாட் மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து. இரண்டுமே குத்துச்சண்டைக்குப் பேர்போன இடங்கள் அல்ல.

நமக்கு உண்மையில் குறைவாக இருப்பது ஆட்டங்களின் எண்ணிக்கை. பிவானிப் பிள்ளை மாலைதோறும் புதிய ஒருவனோடு மேடை ஏறுகிறான். நம் பிள்ளை ஆண்டு முழுவதும் அதே நான்கு பேரோடு ஆடுகிறான், அவர்கள் என்ன செய்வார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்வதால், கூரையில்லாத இடத்தில் பயிற்சி செய்பவர்களுக்கு ஆண்டில் பல வாரங்கள் போய்விடும். நான் கேட்பதெல்லாம் இதுதான்: மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளைத் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அழைத்துச் சென்று, முகம் தெரியாத ஒருவரோடு மூன்று சுற்று ஸ்பாரிங் செய்ய வையுங்கள். காலையில் பேருந்து ஏறினால் இரவில் வீடு திரும்பிவிடலாம். ஓராண்டில் பன்னிரண்டு புதிய எதிராளிகள். அது ஒரு தேசியப் போட்டிக்கு முன் பெரிய சொத்து.

தகுதிச் சுற்றில் வென்றுவிட்டால் பதக்கம் வரும் என்று நம்பலாமா?

பாரிஸுக்குச் சென்ற ஆறு பேரில் ஒருவருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை. முன்னணி வீரர்கள் தொடக்கத்திலேயே மோதாதபடி பிரித்து வைக்கும் வரிசையில் நிகத் சரீனுக்கு இடம் ஒதுக்கப்படாததால், முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த சீனாவின் வூ யூவைத் தொடக்கக் கட்டத்திலேயே சந்திக்க நேர்ந்தது. அந்த வூ யூதான் பின்னர் தங்கம் வென்றார். ஜாஸ்மின் தம் முதல் ஆட்டத்திலேயே, டோக்கியோவில் வெள்ளி வென்ற பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெத்தேசியோவிடம் தோற்றார். ஆனால் அடுத்த ஆண்டே லிவர்பூலில் உலகத் தங்கத்தோடு நின்றதும் அதே ஜாஸ்மின்தான். ஆகவே தகுதிச் சுற்றுகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பன்னாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து ஆடித் தரவரிசையை உயர்த்திக்கொள்வது, தகுதி பெறுவதற்குச் சமமான வேலை.

தோற்றுத் திரும்பிய பிள்ளையிடம் வீட்டில் என்ன பேசுவது?

முதல் நாள் ஆட்டத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். எடைக்காகப் பல வாரங்களாக ஒதுக்கிவைத்ததை அம்மா சமைத்து வைத்தால் அதுவே போதும். இரண்டாம் நாள், தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா, பெருவிரல் மூட்டு வீங்கியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்; ஆட்டத்தின் சூட்டில் தெரியாத காயங்கள் அப்போதுதான் தெரியவரும்.

நிஷாந்த் தேவ் இத்தாலியில் தகுதியை முடிவுசெய்யும் ஆட்டம் வரை சென்று அமெரிக்க வீரரிடம் தோற்றார். மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் பாங்காக்கில் அதே 71 கிலோவில் 5-0 என்று வென்று பாரிஸுக்குச் சென்றார். என் மாணவர்களுக்கு அந்த இரண்டு ஆட்டங்களின் காணொளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டுவேன். முதல் ஆட்டத்தைப் பார்க்கும்போது யாரும் பேசமாட்டார்கள். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் எழுந்து பேண்டேஜைக் கையில் சுற்றத் தொடங்கிவிடுவார்கள்.